ஊராட்சிக் கணக்கைத் தர மறுக்கும் தலைவரைப் பதவி நீக்க முடியுமா?

கேள்வி: எங்கள் கிராம ஊராட்சியில் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் வாங்கியதற்கான வவுச்சர்கள், தீர்மானப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு 50 நாட்களாகின்றன. பதில் இல்லை. நேரில் கேட்டால் கோப்பைக் காணவில்லை என்கிறார்கள். தலைவர் தரவிடாமல் தடுப்பதாகவும் கேள்வி. அவரைப் பதவி நீக்க நான் வழக்குத் தொடரலாமா?

பதில்: வாக்காளர் என்ற முறையில் நீங்கள் நேரடியாக அவரை நீக்கக் கோர இயலாது. குடியரசுத் தலைவருக்கும் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் உள்ள நாடாளுமன்ற நடைமுறை இங்கே பொருந்தாது. ஊராட்சித் தலைவரை நீக்கும் அதிகாரம் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 205-ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடம் உள்ளது. தலைவர் அச்சட்டத்தை வேண்டுமென்றே மீறினார் அல்லது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று ஆட்சியர் தாமாகவோ, மன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதோர் கையொப்பமிட்டுத் தரும் குற்றச்சாட்டு மனுவின் பேரிலோ கருதினால், தலைவரின் விளக்கத்தைக் கேட்டு, அது திருப்தி தராவிட்டால் தாசில்தார் கூட்டும் மன்றக் கூட்டத்தின் கருத்தையும் அறிந்த பிறகு முடிவெடுப்பார்.

இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. 205-ஆவது பிரிவு பேசுவது ஊராட்சிகள் சட்டத்தை மீறுவதைப் பற்றி. நீங்கள் சொல்வதோ வேறொரு சட்டத்தின் மீறல். எனவே ‘தகவல் தரவில்லை’ என்று மட்டும் எழுதினால் மனு நிற்பது கடினம் என்பது என் கருத்து. கணக்கை மறைத்தது அதிகாரத் துஷ்பிரயோகம் என்று காட்டுவதற்கு ஆவணம் வேண்டும். அந்த ஆவணத்தைத் தகவல் சட்டத்தின் வழியாகவே உருவாக்குங்கள்.

30 நாட்களுக்குள் பதில் தராதது அச்சட்டத்தின்படி மறுப்பாகவே கருதப்படும். அதற்கடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பதால் உங்களுக்கு இன்னும் பத்து நாட்களே உள்ளன; இன்றே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தாமதத்தின் காரணமாக நகல்களைக் கட்டணமின்றிக் கேட்கும் உரிமையும் 7(6)-ஆவது பிரிவின்படி உங்களுக்கு வந்துவிட்டது. அங்கும் தீர்வு கிடைக்காவிட்டால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். 18-ஆவது பிரிவின் கீழ் புகார் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அந்தப் புகாரின் பேரில் தகவலைத் தருமாறு ஆணையம் உத்தரவிட முடியாது என்று மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்துள்ளது.

கோப்பு காணவில்லை என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வதைக் கையெழுத்திட்டுத் தர அலுவலர்கள் தயங்குவதை அடிக்கடி காண்கிறேன். ஒரு காலத்தில் இருந்த ஆவணம் காணாமற்போனால் அதைத் தேடவும் பொறுப்பை நிர்ணயிக்கவும் விசாரணைக்கு உத்தரவிடலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் கூறியதை மேல்முறையீட்டில் சுட்டிக்காட்டலாம். தக்க காரணமின்றித் தகவல் தராத பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். இந்த அபராதம் தகவல் அலுவலருக்கு உரியது. தலைவரின் பதவியை அது தொடாது.

ஆணையத்தின் உத்தரவு கைக்கு வந்ததும் அதன் நகலை இணைத்து, தாமாக நடவடிக்கை எடுக்குமாறு ஆட்சியருக்கு மனு கொடுங்கள். வார்டு உறுப்பினர்கள் முன்வந்தால் அவர்களுடைய குற்றச்சாட்டு மனுவே வலுவானது. ஆட்சியர் மனுவைக் கிடப்பில் போட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். ஆனால் இத்தகைய வழக்குகளில் நீதிமன்றம் வழக்கமாக, குறித்த காலத்துக்குள் மனுவைப் பரிசீலிக்குமாறு ஆட்சியருக்கு உத்தரவிடுமே தவிர, தலைவரைத் தானே நீக்காது.