பெட்டி மேல் போட்டிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம்

வண்டி வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: சின்ன காரில் பாட்டு செட்டையும் ஸ்பீக்கரையும் நாமே மாற்றிக்கொள்ளலாமா? தாராளமாக மாற்றலாம். செங்கோட்டையில் வண்டி எலெக்ட்ரிக் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் கடினமான வேலை கொஞ்சம்தான். பொறுமை கேட்கும் வேலைதான் அதிகம்.

அண்ணாச்சி, என்னிடம் பழைய ஆல்டோ இருக்கிறது. பாட்டுப் போட்டால் கரகரவென்கிறது, பேஸ் (அடித்தொனி) சுத்தமாக இல்லை. கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. கடையில் கேட்டால் 4×50 வாட் செட், 300 வாட் ஸ்பீக்கர், பின்னால் பெரிய ஓவல் ஸ்பீக்கர் இரண்டு என்கிறார்கள். நானே மாட்ட ஆசை. எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், புளியரை

தம்பி, கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். செட்டில் பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளிக் கேளுங்கள், அப்புறம் வலது பக்கம். ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஸ்பீக்கரோ வயரோதான் கெட்டிருக்கும். செட் நன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பணம் மிச்சம்.

செட்டையும் மாற்றத்தான் வேண்டும் என்றால், அந்த 4×50-ஐப் பார்ப்போம். நாலு சேனல், அதாவது நாலு ஸ்பீக்கர் இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் 50 வாட், மொத்தம் 200 என்கிறார்கள். கடையிலேயே செட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சின்ன ஃபியூஸ் ஒன்று செருகியிருக்கும், பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். வண்டி ஓடும்போது கிடைப்பது 14 வோல்ட் சொச்சம். 10 ஆம்பியர் என்றால் மொத்தம் 140 வாட். செட் தொடர்ந்து இழுக்கக்கூடியதே அவ்வளவுதான், அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். 200 வாட் எங்கிருந்து வரும்? 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சேனலில் நிஜமாகக் கிடைப்பது 15-லிருந்து 20 வாட் வரைதான். விவரத் தாளில் ஆர்.எம்.எஸ். என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பது இதைத்தான். ஸ்பீக்கர் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 300 வாட்டும் அது ஒரு நொடி தாங்கக்கூடிய அளவுதான், உங்களுக்குக் கொடுக்கப்போகும் அளவு இல்லை.

20 வாட் போதுமா என்றால், ஆல்டோ உள்ளறைக்கு நன்றாகவே போதும். ஸ்பீக்கரைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டியில் சென்சிடிவிட்டி என்று ஒரு டெசிபெல் எண் இருக்கும். 92 என்று போட்ட ஸ்பீக்கர் 20 வாட்டில் தரும் சத்தத்தை 89 என்று போட்டது தர வேண்டுமானால் 40 வாட் வேண்டும். 3 டெசிபெல் குறைந்தால் இரட்டிப்பு வாட். ஆம்ப்ளிஃபயர் (ஸ்பீக்கருக்கு வாட்டைக் கூட்டித் தரும் தனிப் பெட்டி) போடாமல் செட்டிலேயே ஓட்டப்போகிறவர்கள் வாட்டை மறந்துவிட்டு இந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

பின்பக்க ஓவல் ஸ்பீக்கர் இப்போது வேண்டாம். பாட்டு முன்னாலிருந்து வர வேண்டும். டிக்கி மேல் பலகையில் கனமான ஸ்பீக்கர் இரண்டை வைத்தால் பலகை அதிரும். சரியாக இறுக்காமல் விட்டால் சடன் பிரேக்கில் பின்சீட்டில் இருப்பவர் தலைக்கு ஆபத்து. முன் கதவுக்கு நல்ல ஜோடி ஒன்று எடுங்கள், பாதிப் பணம் அதற்கே போகட்டும். ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) தனியாக வரும் காம்பொனென்ட் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. கதவு ஸ்பீக்கர் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது, கீச்சொலியெல்லாம் காலில் முட்டி நின்றுவிடும். ட்வீட்டரைக் கண்ணாடி ஓரத்து முக்கோணத்தில் ஒட்டினால் பாடுகிறவர் குரல் டாஷ்போர்டு மட்டத்துக்கு ஏறிவரும்.

வாங்கும் முன் கதவைத் திறந்து அளந்துவிடுங்கள். வட்டம் எத்தனை அங்குலம் என்பது மட்டும் போதாது. கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் தகட்டிலிருந்து கண்ணாடி வரை எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று பாருங்கள். காந்தம் கண்ணாடியில் இடித்தால் அந்த ஸ்பீக்கர் உங்கள் வண்டிக்கு ஆகாது.

டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க உறையைக் கழற்றும்போது பலரும் தடுமாறுவது கண்ணாடி ஏற்றும் கைப்பிடியில்தான். வெளியே திருகு தெரியாது. கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கம்பி கிளிப் உட்கார்ந்திருக்கும். பழைய வேட்டியில் ஒரு முழ நீளத்துக்கு நாடா மாதிரி கிழித்து, கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து இடமும் வலமுமாக இழுங்கள். துணி கிளிப்பின் முனையில் சிக்கி, 'டிக்' என்று தள்ளிவிடும். பக்கத்தில் ஒருவரைக் கையை மேலே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கிளிப் தெறித்துப் போய்விடும். மற்ற திருகுகளை எடுத்த பிறகு பேடைக் கீழ் ஓரத்திலிருந்து நெம்புங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் நெம்புகோல் பத்திரம்.

இனி சொல்லப்போவதை நம் ஊர்க்காரர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கணவாய் வழியாக ஜூனில் ஆரம்பிக்கும் சாரல், ஐப்பசியில் மறுபடி மழை. கண்ணாடியில் வழியும் தண்ணீரில் கொஞ்சம் ரப்பர் பட்டையைத் தாண்டிக் கதவுக்குள்தான் இறங்கும். கதவின் அடியில் இருக்கும் துளைகள் வழியாக வெளியே போகும். இது பழுது இல்லை, கதவை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலித்தீன் தாள் அந்தத் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கத்தான். ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் பாதிப் பேர் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். மழைக்காலம் வந்தால் கால் மிதியடி நனைகிறது, ஏன் என்று தெரியவில்லை என்று வண்டியைக் கொண்டுவருவார்கள். தாளைப் பத்திரமாகப் பிரித்து அதே பசையில் திரும்ப ஒட்டுங்கள், போதாவிட்டால் பியூட்டைல் (ஒட்டும் ரப்பர்) நாடா கிடைக்கிறது.

ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையத்தை ஆசாரியிடம் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் வெட்டி வாங்காதீர்கள். ஒரு சாரல் சீசனில் ஊறிப் பொதபொதவென்று உப்பித் திருகு பிடி விட்டுவிடும். பிளாஸ்டிக் வளையம் வாங்குங்கள். ஸ்பீக்கரின் வயர் மாட்டும் முனை தண்ணீர் சொட்டாத பக்கம் பார்த்து இருக்கட்டும். வயர் உள்ளே வரும் இடத்தில் கொஞ்சம் தொங்கலாக விட்டால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பேஸ் இல்லை என்றீர்களே, அதற்கு இரண்டு காரணம் உண்டு. ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் கலந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும். கதவில் பெரிய ஓட்டைகள் திறந்தே கிடந்தால் இதுதான் நடக்கும். கதவின் வெளித்தகட்டு உள்பக்கம் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் தாளை உருளையால் அழுத்தி ஒட்டுங்கள், முழுக்க வேண்டாம், நடுப்பகுதி போதும். கதவைத் தட்டிப் பார்த்தால் தகர டப்பா சத்தம் போய் 'தொம்' என்று கேட்கும். ஸ்பீக்கரைச் சுற்றி நுரை வளையம் வைத்து இடைவெளியை அடையுங்கள். அடியில் இருக்கும் தண்ணீர்த் துளைகளை மட்டும் தொடவே கூடாது, அடைத்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

இரண்டாவது காரணம் பிளஸ், மைனஸ் மாறிப்போவது. ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாறியிருந்தால் ஒன்று முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். சத்தம் வரும், பேஸ் காணாமல் போகும். வயர் நிறத்தில் சந்தேகம் இருந்தால் செட்டின் பின்னால் வயர்கள் செருகும் கப்ளரைக் கழற்றிவிட்டு, அந்த ஸ்பீக்கர் வயர் முனையில் ஒன்றரை வோல்ட் பென்சில் செல்லை ஒரு கணம் தொட்டு எடுங்கள். செல்லின் பிளஸ் தொட்ட வயர் ஸ்பீக்கரின் பிளஸுக்குப் போனால் கூம்பு வெளிப்பக்கம் துள்ளும். உள்ளே போனால் மாறியிருக்கிறது.

எல்லாம் மாட்டிய பிறகு செட்டில் ஹை-பாஸ் ஃபில்டர் (அடித்தொனியை வெட்டும் வசதி) இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கதவு ஸ்பீக்கரால் முடியாத அடித்தொனியை அதனிடம் கேட்காமல் விட்டால், மீதியை அது சுத்தமாகப் பாடும்.

புது செட் போட்டதிலிருந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுத்திய கார் திங்கள்கிழமை காலை ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரி மாற்று என்கிறார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லையே, அண்ணாச்சி?
– ஆசிரியை, தென்மலை

பேட்டரிக்குச் செலவழிக்காதீர்கள் டீச்சர், முதலில் ஒன்று பாருங்கள். சாவியை வெளியே எடுத்துவிட்டு செட்டின் பட்டனை அழுத்துங்கள். செட்டில் விளக்கு எரிந்தால் கோளாறு அங்கேதான். செட்டுக்கு மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட் வர வேண்டியது, ஸ்டேஷன்களையும் மணியையும் ஞாபகத்தில் வைக்க. சிவப்பு வயர் சாவி திருப்பினால் மட்டும் வர வேண்டியது. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்டிருப்பார்கள். செட் முழுக்கத் தூங்காது. கால் ஆம்பியர் இழுத்தாலே 60 மணி நேரத்தில் 15 ஆம்பியர்-அவர் போய்விடும். சின்ன காரின் பேட்டரியே 35-தான்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவரிடம் சிவப்பைப் பிரித்து, சாவியை ஏ.சி.சி. (இன்ஜின் ஓடாமல் செட் மட்டும் வேலை செய்யும் இடம்) வரை திருப்பினால் மட்டும் 12 வோல்ட் காட்டும் வயரில் சேர்க்கச் சொல்லுங்கள். முறுக்கி டேப் ஒட்டாமல் ஈயம் வைத்து, சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்து ஈரத்தில் டேப் பசை உரிந்துவிடும்.

புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு தாண்டினால் எஃப்.எம். இரைச்சலாகிவிடுகிறது. விலை கூடிய செட் போட்டால் சரியாகுமா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

ஆகாது. எஃப்.எம். அலை 88-லிருந்து 108 மெகாஹெர்ட்ஸ், நேர்கோட்டில் போவது. நடுவில் மலை நின்றால் அதைத் தாண்டி வருவது ரொம்பக் குறைவு. எத்தனை ரூபாய் செட்டானாலும் வராத அலையைப் பிடிக்காது. செங்கோட்டைக்குள்ளேயே இரைந்தால் மட்டும் ஆன்டெனாவைப் பாருங்கள். அடியில் துரு ஏறியிருக்கும், அல்லது பூஸ்டர் வைத்த ஆன்டெனாவாக இருந்து செட்டின் நீல வயரை அதற்குக் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். சிகரெட் லைட்டரில் செருகும் மலிவு மொபைல் சார்ஜரைப் பிடுங்கிவிட்டும் ஒரு தடவை கேளுங்கள், இரைச்சலுக்கு அதுவே காரணமாக இருப்பதுண்டு. மலைப்பாதைக்கு பென்டிரைவில் பாட்டு ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஆம்ப்ளிஃபயர் போட்டேன். ஆக்சிலேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று கூடவே ஏறுகிறது.
– ஒரு வாசகர், கடையநல்லூர்

இது ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) இரைச்சல். ஆம்ப்பின் எர்த் வயரைப் பெயின்ட் மேல் திருகியிருக்கிறீர்களா பாருங்கள். வெறும் தகடு தெரியச் சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பேட்டரி வயர் ஒரு பக்கம் போனால் செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயர் மறுபக்கம் போக வேண்டும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இல்லையென்றால் இன்றைக்கே போடுங்கள். இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த வயர் எங்காவது உரசி பாடியில் தொட்டால் வண்டியே எரிந்துவிடும்.

புது கார், வாரன்டி இருக்கிறது. செட் மாற்றலாமா?
– ஒரு வாசகி, புனலூர்

வயரை வெட்டாமல் மாற்றலாம். உங்கள் காருக்கென்றே கப்ளர் கிடைக்கும், ஒரு பக்கம் கம்பெனி சாக்கெட்டில், மறுபக்கம் புது செட்டில் செருகிவிடும். பழைய செட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். டாஷுக்குள் மஞ்சள் சாக்கெட்டோ மஞ்சள் உறை போட்ட வயரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குக்கு உரியது. அதில் மீட்டரோ டெஸ்ட் லேம்ப்போ வைக்கவே கூடாது.