கருவாடு திருடும் நாயை அடிக்காமல் திருத்த முடியுமா?

கேள்வி: மண்டபம் அருகே கடற்கரைக் குடியிருப்பில் வசிக்கிறோம். எங்களுடைய ஒன்றரை வயது நாட்டு நாய், கடலுக்குப் போய்த் திரும்புவோர் மீது பாய்ந்து ஏறுகிறது. காயப்போட்ட கருவாட்டைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. ஆடுகளைக் கண்டால் விரட்டுகிறது. நாலு போட்டால்தான் திருந்தும் என்கிறார் என் மாமனார். வேறு வழி இல்லையா?

பதில்: உண்டு, ஆயினும் இம்மூன்றும் ஒரே மருந்துக்குக் கட்டுப்படுபவை அல்ல. எந்தச் செயலால் தனக்கு ஆதாயம் கிடைக்கிறதோ அதையே நாய் திரும்பத் திரும்பச் செய்யும். ஆகவே ஒவ்வொரு குறும்பிலும் அது எதைப் பெறுகிறது என்று பார்த்து, அந்த ஆதாயத்தை நிறுத்திவிட்டு, நாம் விரும்பும் செயலுக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

பாய்ந்து ஏறும் நாய்க்குக் கிடைப்பது உங்கள் கவனம். தள்ளிவிடுவதும் அதட்டுவதும்கூட அதன் கணக்கில் கவனம்தான். எனவே அது பாயும்போது பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று, நான்கு கால்களும் தரையில் படிந்தவுடன், ஓரிரு நொடிக்குள், தின்பண்டத்தைக் கொடுங்கள்; தாமதித்தால் அந்த நேரத்தில் வேறு எதைச் செய்துகொண்டிருக்கிறதோ அதற்குக் கிடைத்த பரிசாகவே எடுத்துக்கொள்ளும். முதல் சில நாட்களில் பாய்ச்சல் குறைவதற்குப் பதிலாகக் கூடலாம். அப்போது யாரேனும் ஒருவர் இரங்கிக் கொஞ்சிவிட்டால், இன்னும் பலமாகப் பாய்ந்தால் காரியம் நடக்கும் என்று அது கற்றுக்கொள்ளும் என்பதால், வீட்டார் அனைவரும் ஒரே முறையைக் கடைப்பிடிப்பது அவசியம். உங்கள் வீட்டார் விசைப்படகில் செல்பவர்களானால், அனைவரும் கரையிலேயே இருக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இதற்கு மிக வசதியானது.

தின்பண்டமாக உப்பின்றி அவித்து முள் நீக்கிய மீனை, நகத்தளவுத் துண்டுகளாகக் கொடுத்து, அந்த அளவுக்கு வேளை உணவைக் குறைத்துவிடுங்கள். கருவாட்டைக் கொடுக்க வேண்டாம். அதில் உப்பு மிகுதி, அதன் ருசியை நாமே வளர்த்துவிட்டதாகவும் ஆகும்.

கருவாட்டுத் திருட்டின் சிக்கல் வேறு. வாயில் விழும் ஒவ்வொரு துண்டும் உடனடிக் கூலியாகிவிடுவதால், உங்கள் கையில் உள்ள பரிசு அதனோடு போட்டியிட முடியாது. உயரமான பரண் கட்டி வலை போர்த்துவதும், காயும் நேரத்தில் நாயை நிழலில் கட்டிவைப்பதும்தான் முதல் வேலை; என்னைக் கேட்டால், எந்தப் பயிற்சியையும்விட இதுவே மலிவு. கவ்விய பிறகு துரத்தாதீர்கள். நாய்க்கு அது விளையாட்டாகிவிடும், அல்லது அவசரத்தில் அப்படியே விழுங்கிவிடும்.

கூடவே ‘விடு’ என்ற கட்டளையைப் பழக்குங்கள். சாதாரணத் தீனியை மூடிய கைக்குள் வைத்து நீட்டினால் நாய் மோந்து பார்க்கும், நக்கும், பிராண்டும். அப்போதெல்லாம் கையைத் திறக்காமல், அது தானாக முகத்தைப் பின்னுக்கு இழுத்த கணத்தில் பாராட்டி, மறுகையிலிருந்து அவித்த மீனைக் கொடுங்கள். இது படிந்த பின், திறந்த கை, தரை, கடற்கரை நடை என்று படிப்படியாகக் கடினமாக்குங்கள். வலையிலிருந்து கழித்து எறியப்படும், நஞ்சுள்ள பேத்தை மீன் நாயின் உயிரையே பறிக்கக்கூடியது என்பதால், நம் கரையில் இந்தக் கட்டளையைச் சிறிதாக எண்ணக் கூடாது.

மாமனார் சொல்வதில் ஓர் உண்மை உண்டு: அடி அந்த நேரத்துக்கு நிறுத்தும். ஆனால் அடிபட்ட நாய், அடிப்பவர் இல்லாதபோது திருடப் பழகும். உறுமியதற்காக அடிபட்டால், எச்சரிக்கையை விட்டுவிட்டு நேராகக் கடிக்கவும் கூடும்.

ஆடு விரட்டுவதில் ஓட்டமே நாய்க்குக் கூலி. நீண்ட கயிற்றில் பிடித்து, ஆட்டைப் பார்த்த பிறகும் உங்கள் கையிலுள்ள மீனை வாங்கித் தின்னும் அளவு தொலைவில் நின்று தொடங்குங்கள். ஆட்டிலிருந்து பார்வையை விலக்கி உங்களை நோக்கும் ஒவ்வொரு முறையும் மீன் கொடுத்து, வாரக்கணக்கில் அந்த இடைவெளியைக் குறைக்கலாம். மணல் சுடாத காலைப் பொழுதே இதற்கு ஏற்றது. இவ்வளவு பழகிய பின்னும், குட்டிகள் மேயும் இடத்தில் கயிற்றை அவிழ்க்க நான் சம்மதிக்க மாட்டேன்.