அந்த நீலப் பறவை மீன்கொத்திதான், சகோதரி

சுங்கை சிப்புட் தோட்டச் சாலையில் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போது மின்கம்பியில் நீலப் பறவை, கைப்பேசியை எடுப்பதற்குள் பறந்துவிடுகிறது, பறவை பார்க்கத் தனியாக நேரமும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள்.

பழுப்புத் தலை, சிவப்பு அலகு, வெள்ளை நெஞ்சு என்றால் அது வெண்மார்பு மீன்கொத்தி. மலாயில் பெக்காக்கா. பக்கத்தில் ஆறு குளம் இல்லையே என்று குழம்ப வேண்டாம். பேர்தான் மீன்கொத்தி, பல்லி, வெட்டுக்கிளி, தவளை எல்லாம் தின்னும். ஒருநாள் ரொட்டி சானாய் பொட்டலத்துக்குக் காத்திருந்தேன். எதிர்க் கம்பியில் ஒரு பல்லியைக் கவ்விக்கொண்டு இடமும் வலமுமாக அடித்துத் துவைத்தது. கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன்!

படம் எடுக்கும் ஆசையை விடுங்கள். அதனால்தான் பாதிப் பறவை தவறிப்போகிறது. மோட்டாரை மெதுவாக்கி, அலகு, வால், உட்காரும் விதம், இந்த மூன்றை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பேரை வீட்டுக்கு வந்து தேடலாம்.

தீபாவளி வாக்கில் அதே கம்பியில் வால் நடுவே ஊசிபோல் நீண்ட பச்சைப் பறவைகள் வரிசையாக இருந்தால், வலசை வந்த நீலவால் பஞ்சுருட்டான்கள். செம்பனைக்குள் கம்பத்தின் மேல் மரப்பெட்டி தெரிந்தால் அது கூகை என்ற ஆந்தைக்கு வைத்த கூடு. எலியைப் பிடிக்கத் தோட்டத்தார் வைப்பது. பாசார் மாலாம் போய்த் திரும்பும்போது அந்தப் பக்கம் ஒரு பார்வை பாருங்கள்.