வெள்ளைக்காரன் காலத்துல பஞ்சாயத்தார் எழுதிக் கொடுத்த தீர்ப்பு கோர்ட்டுல செல்லுமா?

1934-ல ஊர்ப் பெரியவங்க மூணு பேர் எழுதிக் கொடுத்த பாகத் தீர்ப்பு ஒண்ணு வீட்ல கிடைச்சிருக்கு, அதுக்கு அந்தக் காலத்துல சட்டப்படி பலம் இருந்துதான்னு கேட்டிருக்கீங்க. எனக்கு முன்னால பதில் போட்டவர் அதெல்லாம் பழைய பேப்பர் கடைக்குத்தான் ஆகும்னு எழுதியிருக்கார். அதைப் படிச்சதும் சும்மா போக மனசு வரல. நான் வக்கீல் கிடையாது, வக்கீல் குமாஸ்தாவா இருந்து ஓய்வு பெற்றவன், எங்க அப்பாவும் அதே வேலைதான். நீ யாரு சட்டம் சொல்லன்னு கேக்கறவங்க தாராளமா ஒரு நல்ல சிவில் வக்கீல்கிட்ட போய் நான் சொல்றதை சரிபார்த்துக்கலாம்.

செல்லும். ஆனா தானா செல்லாது, கோர்ட்டு முத்திரை விழணும். 1859-ல வந்த சிவில் நடைமுறைச் சட்டத்துலயே இதுக்கு வழி வச்சிருந்தாங்க, கோர்ட்டுக்கு வெளிய ரெண்டு தரப்பும் சம்மதிச்சு மத்தியஸ்தர் வச்சு தீர்ப்பு வாங்கியிருந்தா அதை ஆறு மாசத்துக்குள்ள கோர்ட்டுல கொண்டு போய் தாக்கல் பண்ணலாம். 1908-ல புதுச் சட்டம் வந்தப்போ இதையெல்லாம் ரெண்டாவது அட்டவணைன்னு பின்னாடி தள்ளிட்டாங்க, உங்க பேப்பருக்குப் பொருந்தறது அதோட 20, 21-ம் பாராதான். மனு கொடுத்தா அதுக்கு தாவா நம்பர் போட்டு எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும், அவங்க சொல்ற ஆட்சேபணை நிக்கலைன்னா தீர்ப்புல இருக்கறபடியே டிகிரி, அதாவது கோர்ட்டோட தீர்ப்பாணை. அந்த டிகிரி, பஞ்சாயத்தார் தீர்ப்பை மீறிப் போனாலோ அதுக்கு மாறா இருந்தாலோ ஒழிய அதுமேல அப்பீல் கிடையாது. மெட்ராஸ் பட்டணத்து விவகாரம்னா கதை வேற, அங்க 1899 ஆர்பிட்ரேஷன் (மத்தியஸ்த) சட்டம், தீர்ப்பை கோர்ட்டுல தாக்கல் பண்ணி அது ரத்து ஆகாம இருந்தாலே டிகிரி மாதிரி நிறைவேத்திக்கலாம். கல்கத்தா, பம்பாய்க்கும் அந்தச் சட்டம்தான். வெளியூர்க்காரங்களுக்கு அந்த வசதி இல்ல. ஒரே மாகாணத்துக்குள்ள இப்படி ரெண்டு விதமா வச்சிருந்தது அநியாயம்னுதான் எனக்குப் படுது.

எங்க குடும்பத்துல நடந்ததைச் சொல்றேன், உங்களுக்கு உதவும். நாங்க திருநெல்வேலி பக்கம். எங்க தாத்தாவுக்கும் சின்னத் தாத்தாவுக்கும் வயல்ல பங்குச் சண்டை, முக்கியமா கிணத்துல யார் எந்த நாள் கமலை (மாடு கட்டித் தண்ணி இறைக்கறது) பூட்டறதுன்னு. ரெண்டு பேரும் முச்சலிக்கா, அதாவது ஒப்புதல் பத்திரம், எழுதிக் கையெழுத்துப் போட்டு மூணு பேரை ஒத்துக்கிட்டாங்க, 1936-ல தீர்ப்பு வந்துச்சு. கிழக்குப் பாதி தாத்தாவுக்கு, மேற்குப் பாதி தம்பிக்கு, கிணறு பொது, நாள் விட்டு நாள் முறைத்தண்ணி. தம்பி மொதல்ல சரின்னுட்டு அப்புறம் முறுக்கிக்கிட்டார். தாத்தா யாரோ விவரம் தெரிஞ்சவர் பேச்சைக் கேட்டு ஆறு மாசம் முடியறதுக்குள்ள முனிசீப் கோர்ட்டுல தாக்கல் பண்ணிட்டார். சின்னத் தாத்தா சொன்ன ஆட்சேபணை என்னன்னா பஞ்சாயத்தாருங்க எங்க ஆச்சி கையால சாப்பிட்டாங்க, அதனால ஒருதலைப்பட்சம்னு. மத்தியஸ்தர் ஊழல் பண்ணினார், முறைகேடா நடந்தார், தரப்புல ஒருத்தர் மோசடியா எதையோ மறைச்சார், இந்த மாதிரி இருந்தாத்தான் தள்ள முடியும், விசாரிக்க வந்த எடத்துல ஒரு வேளை சோறு சாப்பிட்டது முறைகேடு ஆகாதுன்னு சொல்லி டிகிரி கொடுத்துட்டாங்க.

இதோட பலன் தெரிஞ்சது 1980-களுக்கு அப்புறம்தான். சின்னத் தாத்தா வழியில மேற்குப் பாதியை வித்தாங்க, விக்கறப்போ பத்திரத்துல முழுக் கிணத்தையும் சேத்து எழுதிட்டாங்க, வாங்கினவர் மோட்டாரை வச்சுட்டு எங்க ஆளை உள்ள விடல. கோர்ட்டுக்குப் போனோம். எதிர் வக்கீல் கெட்டிக்காரர், பஞ்சாயத்துத் தீர்ப்பை ரிஜிஸ்தர் பண்ணல, செல்லாதுன்னு ஒரே பிடியா நின்னார். அவர் சொன்னதுலயும் விஷயம் இருக்கு, இதை நீங்க கவனிக்கணும். 1908 ரிஜிஸ்திரேஷன் சட்டத்துல கோர்ட்டு டிகிரி, மத்தியஸ்தர் தீர்ப்பு ரெண்டுக்கும் பதிவுல இருந்து விலக்கு இருந்துச்சு, 1929-ல திருத்தம் கொண்டு வந்து மத்தியஸ்தர் தீர்ப்பை மட்டும் அதுல இருந்து எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் 100 ரூபாயும் அதுக்கு மேலயும் பெறுமானம் உள்ள நிலத்துல உரிமையை உண்டாக்கற, மாத்தற தீர்ப்புன்னா பதிவு பண்ணியே ஆகணும். ஆனா எங்ககிட்ட இருந்தது வெறும் தீர்ப்பு இல்ல, அதே நிலத்து மேல வாங்கின டிகிரி, அதுக்கு விலக்கு அப்படியே இருக்கு. டிகிரி வாங்கி 12 வருஷம் தாண்டிடுச்சேன்னு அடுத்து ஆரம்பிச்சார், அந்தக் கெடு நிறைவேத்தறதுக்குத்தான், யாருக்கு என்ன உரிமைன்னு முடிவானது அதோட போயிடாது. வாங்கினவர் சின்னத் தாத்தா வழியில வந்தவர்ங்கறதால அவரையும் அது கட்டும். பொதுக் கிணறுன்னே தீர்ப்பாச்சு. கமலை போய் மோட்டார் வந்த பிறகும் எங்க தாத்தா அன்னிக்கு எடுத்த ஒரு முடிவுதான் எங்க வயலைக் காப்பாத்துச்சு, இதை எத்தனை பேர்கிட்ட வேணாலும் பெருமையா சொல்லுவேன்.

கட்டப்பஞ்சாயத்துக்கு வக்காலத்து வாங்கறேன்னு கமெண்ட்ல யாரும் வராதீங்க. மிரட்டிக் கையெழுத்து வாங்கறது, சாதியை விட்டுத் தள்ளி வைக்கறது, இதையெல்லாம் நான் ஆதரிக்கல. நான் பேசறது ரெண்டு தரப்பும் தானா ஒத்துக்கிட்ட சொத்து விவகாரத்தை மட்டும். 1816-லயே வெள்ளைக்கார அதிகாரி தாமஸ் மன்றோ முயற்சியில மெட்ராஸ் மாகாணத்துல கிராமப் பஞ்சாயத்துக்குன்னு தனி ரெகுலேஷன் போட்டாங்க, ஜனங்க அவ்வளவா அந்தப் பக்கம் போகலைங்கறது வேற விஷயம். சர்க்கார் கண்டுக்கவே இல்லைன்னு சொல்றது தப்பு.

இன்னொண்ணு, மனசுல ரொம்ப நாளா இருக்கறது. அந்த டிகிரி நகலைத் தேடி எடுத்தது எங்க அப்பா. குமாஸ்தான்னாலே கோர்ட்டு வாசல்ல கையூட்டு வாங்கித் தர்ற ஆள்னு படிச்சவங்களே பேசறாங்க. கேஸ் கட்டு கட்டி, வாய்தா எழுதி, நகல் மனு போட்டு, நம்பர் தப்பா இருந்தா திருத்தி, வயசு காலத்துல கையில ஒண்ணும் இல்லாம போறவங்கதான் நிறைய. எங்க அப்பா போனப்போ அவர் உழைச்ச ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வந்து எட்டிப் பாக்கல.

உங்க விஷயத்துக்கு வர்றேன். மொதல்ல பேப்பரோட பின்பக்கம் பாருங்க, கோர்ட்டு முத்திரையோ ஓ.எஸ். நம்பரோ (அசல் தாவா நம்பர்) இருந்தா அதை வச்சு டிகிரி நகல் தேடலாம். சப் ரிஜிஸ்திரார் சீல் இருந்தா அதுவும் நல்லதுதான். ரெண்டும் இல்லைன்னா கஷ்டம், ஏன்னா உங்களது 1934, திருத்தத்துக்குப் பிந்தினது, பதிவுக்கு நாலு மாசக் கெடு எப்பவோ போச்சு. ஆறு மாசத்துல தாக்கல் பண்ணாட்டியும் அந்தக் காலத்துல தீர்ப்பை வச்சு தனி தாவா போட வழி இருந்துச்சு, 1940 ஆர்பிட்ரேஷன் சட்டம் அதையும் அடைச்சிடுச்சு. ஆனாலும் தூக்கிப் போட்டுடாதீங்க. பதிவாகாத பேப்பரை உரிமைக்குச் சாட்சியா காட்ட முடியாதே தவிர யார் எந்தப் பக்கத்தை எப்ப இருந்து, எந்த விதத்துல அனுபவிச்சு வந்தாங்கன்னு காட்டப் பயன்படுத்தலாம். பட்டா தனித்தனியா மாறியிருக்கா, தீர்வை யார் பேர்ல கட்டியிருக்காங்கன்னு பழைய ரசீது எல்லாத்தையும் தேடிச் சேத்து வைங்க, வில்லங்கச் சான்றும் எவ்வளவு பின்னாடி வரைக்கும் கிடைக்குதோ அது வரைக்கும் போட்டு எடுங்க. ஒரிஜினலை யார் கேட்டாலும் கொடுக்காதீங்க, வக்கீல் கேட்டாலும் மொதல்ல ஜெராக்ஸ்தான்.