டுஷேன் தசைச் சிதைவு நோய், கொரோனா, ஆக்சிமீட்டரில் 92: வெறும் ஆக்ஸிஜன் போதுமா?

போதாது. இரவில் போடும் பைபாப்பை (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தந்து மூச்சுவிட உதவும் கருவி) இப்போதே மாட்டிவிட்டு, இன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

டுஷேன் உள்ள 17 வயதுப் பிள்ளைக்கு 92 காட்டினால், நுரையீரல் தொற்றோடு மூச்சுத் தசையும் தளர்ந்து கரியமில வாயு தேங்கியிருக்கலாம். ஆக்ஸிஜன் ஆக்சிமீட்டரில் தெரியும் எண்ணை மட்டும் ஏற்றும், கரியமில வாயு வெளியேறாது. நிம்மதியாகத் தூங்குகிறான் என்று நாம் நினைப்பது மயக்கமாக இருக்கலாம். இதுதான் பயம்.

ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறான் என்று பாருங்கள். வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, காலையில் தலைவலி இருந்தாலோ சந்தேகம் வலுக்கும். உறுதிசெய்ய மருத்துவமனையில் ரத்த வாயுப் பரிசோதனை (ரத்தத்தில் கரியமில வாயு எவ்வளவு என்று காட்டுவது) வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

பைபாப்பையும் அவனுடைய மாஸ்க்கையும் கையோடு கொண்டுபோங்கள். பைபாப்பிலிருந்து வெளிவரும் காற்றில் வைரஸ் பரவலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் இருப்பவர் என்95 அணியட்டும். வாந்தி வந்தால் மாஸ்க்கை உடனே கழற்றுங்கள், அவனால் முடியாது. டுஷேனுக்காக ஸ்டீராய்டு எடுத்துவந்தால் அதைத் திடீரென நிறுத்தாதீர்கள்.