நம்பரை எடுத்துக் கொடுத்தது யார்?

கேள்வி: என் கணவர் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். காலேஜ் நாட்களில் நண்பர்களோடு ராக் பேண்ட் வைத்திருந்தாராம். போன மாதம் காட்பாடியில் ஒரு நண்பர் வீட்டு விசேஷத்தில் எல்லோரும் கூடி, இவர் அப்போது எழுதிய பாட்டைப் பாடினார்கள். கோட்டை அகழி ஓரம் ஒற்றை ஜிமிக்கியோடு நின்ற ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். விசாரித்தால், அப்படி ஒருத்தி நிஜமாகவே இருந்தாளாம், இப்போது ஆரணியில் இருக்கிறாளாம். கல்யாணமாகி 14 வருஷத்தில் என்னைப் பற்றி அவர் ஒரு வரி எழுதியதில்லை. ஏழாவது படிக்கும் என் மகளுக்கு அவர் போன் லாக் தெரியும், அவள்தான் நம்பரை எடுத்துக் கொடுத்தாள். இப்போது அவளும் என் பக்கம்தான். அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து கேட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், சத்துவாச்சாரி

பதில்: கூடாது. அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அந்த நான்கு பக்கத்தில் ஜிமிக்கி ஒன்பது இடத்தில் வருகிறது. மகள் வருவது ஒரே இடத்தில், அதுவும் லாக் தெரிந்தவள் என்பதற்காக. ஏம்மா, பன்னிரண்டு வயசுப் பெண்ணை விட்டு அப்பாவின் போனைத் திறக்க வைத்தீர்களே, அவர் குளிக்கப் போன நேரமா, தூங்கின நேரமா? அவள் தேடும்வரை நீங்கள் கதவோரம் காவலுக்கு நின்றீர்களா? அந்த லாக்கை அவளுக்குச் சொன்னது அவராகத்தான் இருக்கும். பெற்ற பெண்ணிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று சொல்லியிருப்பார். அதை வைத்தே அவளைத் திருட வைத்துவிட்டீர்கள். போதாததற்கு, ‘என் பக்கம்தான்’ என்று ஒரு திருப்தி வேறு. வீட்டுக்குள் என்ன பக்கம்? வரப்புத் தகராறா நடக்கிறது? புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் பிள்ளையை ஆள் சேர்ப்பது எனக்கு ஆகவே ஆகாது. பழைய காலத்து மனுஷி என்று சொன்னாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

அவர் மனசில் அவள் இன்னும் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று ஆறுதல் சொல்லப்போவதும் இல்லை. ஆனால் பாட்டை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள், பல்டி அடித்துவிடும். 1957-ல் அமெரிக்காவில் பட்டி ஹாலி பாடிய ‘பெக்கி சூ’ பாட்டில் அந்தப் பெண்ணின் பெயரை அப்படிக் கூப்பிடுவார். முதலில் அங்கே இருந்த பெயர் சிண்டி லூ, அவர் உடன்பிறந்தாளின் மகள். டிரம்ஸ் வாசித்த ஜெர்ரி ஆலிசன் தன் காதலியின் பெயரை வைக்கச் சொன்னார், மாறிவிட்டது. பெக்கி சூவைக் கட்டிக்கொண்டதும் அந்த டிரம்ஸ்காரர்தான். உங்கள் வீட்டுக்காரர் பேண்டில் ஜிமிக்கி யாருடையது, யாருக்காக எழுதினது என்று நாலு பேர் சிரித்ததை வைத்து முடிவுகட்டிவிட்டீர்கள்.

சரி, நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே உங்களை அரிப்பது அந்த ‘ஒரு வரி எழுதியதில்லை’தான். பேட்டி பாய்டுக்கு வரிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் பேண்டில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனின் மனைவியாக இருந்தவர் அவர். அவர்மேல் ஆசை வைத்த கிடார்காரர் எரிக் கிளாப்டன், லைலா-மஜ்னு கதையிலிருந்து பெயரை எடுத்து 1970-ல் ‘லைலா’ பாடினார். 1979-ல் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். 1989-ல் விவாகரத்து. பாட்டு இன்றும் ஓடுகிறது, குடும்பம் பத்து வருஷம்தான் ஓடியது. உங்களுடையது பதினாலைத் தொட்டிருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது வேறு பாட்டு. 1968. அதே பீட்டில்ஸின் ஜான் லெனனும் அவர் மனைவி சிந்தியாவும் பிரிகிற நேரம். சிந்தியாவையும் பையனையும் பார்க்க அதே பேண்டின் பால் மெக்கார்ட்னி அவர்கள் வீடு இருந்த வெய்பிரிட்ஜுக்குக் காரில் போகிறார். அந்தப் பையனைத் தேற்ற வழியில் முணுமுணுத்ததுதான் ‘ஹே ஜூட்’ ஆனது. முதலில் ‘ஜூல்ஸ்’ என்றுதான் பாடினாராம், பையன் பெயர் ஜூலியன். ஐந்து வயசு. இதில் வேடிக்கை, பாட்டைக் கேட்ட ஜான் அது தன்னைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டார். நீங்களும் இந்தக் கதை முழுக்க உங்களையும் ஆரணிக்காரியையும் பற்றியது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டுக்காரரை விட்டுவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். பெண்டாட்டியை எதிரில் உட்கார வைத்து, நண்பர்கள் கண்ணடித்துச் சிரிக்கப் பாடினது தப்பு. பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் வண்டியிலேயே, ‘இப்படி ஒரு பழைய பாட்டு இருக்கு’ என்று சொல்லியிருக்கலாம். அந்த நம்பர் எதற்கு போனில் இருக்கிறது என்று கேட்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. அவரிடம் கேளுங்கள். என்றைக்கோ ஒற்றை ஜிமிக்கியோடு நின்றதற்கு ஆரணியில் இருப்பவள் இன்று உங்களுக்கு எதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும்?

அதற்கு முன்னால் மகள். இன்று ராத்திரியே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த வேலையைச் செய்யச் சொன்னது உங்கள் தப்பு என்று சொல்லுங்கள். அவள் எதிரிலேயே நம்பரை அழியுங்கள். பிறகு அவரிடமும் சொல்லுங்கள், போனைத் திறந்தது யார், திறக்கச் சொன்னது யார் என்று. கோபப்படுவார். படட்டும். நீங்கள் கேட்க வேண்டியதை அதற்கப்புறம் கேளுங்கள், மகள் டியூஷன் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.