கடும் ஒவ்வாமைக்கு எதற்குத் தனிப் பதிவேடு? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கடும் ஒவ்வாமை, அதாவது அனாபைலாக்சிஸ் வந்தவர்களின் விவரங்களைப் பதிவேட்டில் சேர்ப்பது என் வேலை. நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஆஸ்பத்திரியிலேயே எழுதி வைக்கிறார்களே, அது போதாதா?

போதாது. "அலர்ஜி, ஊசி போடப்பட்டது" என்று சீட்டு முடிந்துவிடும்; எதைச் சாப்பிட்டார், எத்தனை நிமிஷத்தில் தொண்டை அடைத்தது, இதற்கு முதல் மருந்தான அட்ரினலின் ஊசியை எப்போது போட்டார்கள் என்பதெல்லாம் அதில் பெரும்பாலும் இருக்காது. ஒரு டாக்டர் பார்க்கும் நாலைந்து பேரை வைத்து எதையும் உறுதியாகச் சொல்லவும் முடியாது.

இதனால் ஏதாவது மாறியிருக்கிறதா?

நிச்சயமாக. பிரிட்டனில் ரிச்சர்ட் பம்ஃப்ரி என்ற டாக்டர் 1992 முதல் நடந்த ஒவ்வாமை மரணங்களை ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்தார். மூச்சோ இதயமோ நின்றுபோக ஆன நேரம், நடுமதிப்பாக (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்), சிகிச்சையில் கொடுத்த மருந்தென்றால் 5 நிமிஷம், பூச்சி கொட்டியதென்றால் 15, உணவென்றால் 30. இன்னொன்றும் அதில் தெரிந்தது, எனக்கு இதுதான் பெரிசு: படுத்திருந்தவரைத் தூக்கி உட்கார வைத்த சில நொடிகளில் சிலர் இறந்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம் விழுந்த நிலையில் நிமிர்த்தினால் ரத்தம் காலில் தங்கிவிடும், இதயத்துக்குத் திரும்பாது. அதனால்தான் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள் என்று கெஞ்சுகிறோம். மூச்சுத் திணறினால் மட்டும் காலை நீட்டி உட்காரலாம்.

பதிவேட்டில் அதிகம் வரும் உணவுதான் அதிக ஆபத்தா?

அப்படிச் சொல்ல முடியாது. அதைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர்கள் பதிவேட்டில் இல்லையே.

ஊசி போடாமல் மாத்திரையிலேயே சரியாகிவிட்டது, பதியலாமா?

அனாபைலாக்சிஸ் என்று டாக்டர் உறுதி செய்தால் கட்டாயம் பதியுங்கள். அட்ரினலின் கொடுக்க வேண்டிய பலருக்குக் கொடுக்கப்படவே இல்லை என்பது ஐரோப்பியப் பதிவேட்டில் தெரிந்ததே இப்படிப்பட்ட பதிவுகளால்தான். அடுத்த முறை மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

பெயர் வெளியே போகுமா?

ஒழுங்காக நடக்கும் பதிவேட்டில் ஆராய்ச்சியாளர் கைக்குப் பெயர் போகாது, குறியீட்டு எண்தான் போகும். யார் பார்ப்பார்கள், பிறகு விலகலாமா என்று கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

அன்றைக்கு என்ன குறித்து வைக்கணும்?

நேரம். ஒரு அம்மா பில்லின் பின்பக்கம் எழுதிக் கொண்டுவந்தார்: "7.10 இரண்டு வாய். 7.14 உதடு வீக்கம். 7.21 தொடையில் ஊசி." நடுங்கின கையெழுத்து, ஆனால் எனக்குக் கிடைத்ததிலேயே தெளிவான பதிவு. அப்புறம் உணவுப் பொட்டலத்தைப் போட்டோ எடுங்கள். அதற்கு முன் ஓடினாரா, வலி மாத்திரை போட்டாரா, மது குடித்தாரா, காய்ச்சல் இருந்ததா என்பதையும் எழுதுங்கள், இவை ஒவ்வாமையை முற்ற வைக்கும். டிரிப்டேஸ் (கடும் ஒவ்வாமையின்போது ரத்தத்தில் கூடும் ஒரு பொருள்) ரத்தப் பரிசோதனை எடுப்பார்களா என்று கேளுங்கள். தொடங்கி ஓரிரு மணி நேரத்தில் ஒருமுறை, குறைந்தது ஒரு நாள் கழித்து இன்னொரு முறை, இரண்டையும் ஒப்பிட்டால்தான் அதற்கு அர்த்தம்.